டேப்லெட்டில் கீழ்ப்பகுதி டச் வேலை செய்யவில்லை. உள்ளே 340 பேரின் தையல் அளவு இருக்கிறது

ஊசிநூல்:

எல்லோருக்கும் வணக்கம். சின்னாளபட்டியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் தைக்கிறேன். டேப்லெட் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020-ல் பள்ளிக்கூடம் மூடியிருந்த சமயத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் இது. அவள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு கடைக்கு எடுத்து வந்தேன். அதற்கு முன்பு அளவெல்லாம் நோட்டில்தான் எழுதி வைப்பேன். ஒரு மழைக்காலத்தில் அலமாரியில் கரையான் ஏறி, இரண்டு நோட்டு போய்விட்டது. அதிலிருந்து ஒரு சீட்டில் அளவை எழுதி, ஆளுக்கு ஒரு படம் என்று டேப்லெட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். மார்பளவு, கைக்குழி, தோள், கை நீளம், முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், டாட் மடிப்பு எங்கே வர வேண்டும் என்பது வரை அந்தச் சீட்டில் இருக்கும். இப்போது 340 பேருடைய அளவு இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கீழே கீபோர்டின் கடைசி வரிசை அழுந்தவில்லை. இடைவெளி விடும் பட்டன், அதற்கு மேலே உள்ள எழுத்துகள், எதுவுமே. டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் திரையும் திரும்பிக்கொள்ளும், அப்போது அந்த எழுத்துகள் நன்றாக வேலை செய்யும். இரண்டு வாரம் அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். போன வெள்ளிக்கிழமை சார்ஜ் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோது அதுவாகவே கேமரா திறந்தது, மூடியது, யாருக்கோ வீடியோ அழைப்பு போகப் பார்த்தது. பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன். மறுபடி திறக்கலாமென்றால் பூட்டுத் திரையில் நான் போட்டிருக்கும் கோடு கீழ் வரிசைப் புள்ளிகள் வழியாகப் போகிறது. அந்த வரிசையும் இப்போது தொட்டால் உணரவே மாட்டேன் என்கிறது. பூட்டுத் திரை தலைகீழாகவும் திரும்பவில்லை. படம் தெளிவாகத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, உள்ளே மட்டும் போக முடியவில்லை.

துணியால் துடைத்துப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த கண்ணாடியைப் பிரித்துவிட்டேன். அணைத்து அணைத்துப் போட்டேன். திண்டுக்கல்லில் ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "டச் போயிருச்சு, காம்போ மாத்தணும், 4,500 ஆகும், உள்ள இருக்கறதுக்கு கேரண்டி இல்ல" என்றார்கள். காம்போ என்றால் டச்சும் திரையும் சேர்ந்த பாகமாம். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு 11 ஜாக்கெட் தர வேண்டும். மற்றவர்களை வரச்சொல்லி மறுபடி அளவெடுத்துவிடலாம். ஒருவரிடம் மட்டும் என்னால் முடியாது. ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். முதல் தடவை அளவெடுக்க வந்தபோது திரை மறைவில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் டேப் வைக்க விட்டார். இடதுபக்கம் உள்ளே எவ்வளவு பஞ்சு, லைனிங் எத்தனை மடிப்பு, தழும்பில் உரசாமல் தையல் எங்கே முடிய வேண்டும் என்று எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிக்கொண்டு, "இனி நீங்க துணிய மட்டும் குடுத்து விட்டாப் போதும்மா" என்று சொல்லியிருந்தேன். நான்கு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அவருடைய பேத்தி கல்யாணம் இது. அவர் முன்னால் மறுபடி டேப்போடு போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

உள்ளே இருக்கும் படங்கள் அழியாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_லேத்:

அக்கா, என் டேப்லெட்டும் ஒரு தடவை இப்படி நின்றுபோனது. பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10, 15 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சாதாரணமாக அணைத்துப் போடுவதைவிட இது நல்லது. அதிலும் சரியாகவில்லை என்றால் ரெக்கவரி என்ற மெனுவுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் போடலாம். அங்கே டச் தேவையில்லை, பட்டனாலேயே நகர்த்தலாம். எனக்கு அதில்தான் சரியானது.

ஓய்வு_வாத்தியார்:

அம்மா, டாக்பேக் என்று ஒன்று தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்றவர்களுக்கான வசதி அது. சத்தம் கூட்டும், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினாலே சில டேப்லெட்டில் ஆன் ஆகிவிடும். அது ஆன் ஆனால் ஒருமுறை தொட்டால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், தள்ளுவதற்கு இரண்டு விரல் வேண்டும். என் துணைவியார் இரண்டு நாள் டச் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதே இரண்டு பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.

ஊசிநூல்:

இருவருக்கும் நன்றி. கோவைத் தம்பி சொன்ன இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன், அணைந்து மறுபடி வந்தது, கீழ் வரிசை அப்படியேதான் இருக்கிறது. வாத்தியார் ஐயா சொன்னதுபோல எதையும் வாசித்துக் காட்டவில்லை. ரீசெட் போட்டால் படங்கள் இருக்குமா? அதைச் சொன்னால் அதையும் செய்து பார்க்கிறேன்.

சாலிடர்_மதுரை:

அக்கா, ரீசெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எல்லாப் படமும் போய்விடும். மதுரையில் 14 வருடமாகப் போன், டேப்லெட் ரிப்பேர் பார்க்கிறேன். ரீசெட் போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோவைக்காரர் தவறாகச் சொல்லவில்லை, அவருடையது சாஃப்ட்வேர் கோளாறாக இருந்திருக்கும். உங்களுடையது அது இல்லை. அதற்கான சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதே எழுத்துகள் வேலை செய்கின்றன என்றீர்களே, அதுதான் சாட்சி. சாஃப்ட்வேரில் கோளாறு என்றால் கீபோர்டு எந்தப் பக்கம் போனாலும் அதோடு சேர்ந்து கோளாறும் போகும். உங்களுக்குக் கீபோர்டு இடம் மாறுகிறது, கோளாறு கண்ணாடியின் அதே ஓரத்தில் நிற்கிறது. அப்படியென்றால் கண்ணாடிக்கு அடியில் ஏதோ இருக்கிறது. எத்தனை ரீசெட் போட்டாலும் சரியாகாது, படங்கள் போனதுதான் மிச்சமாகும்.

டச் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், மற்றது தானாகப் புரியும். கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, கண்ணுக்குத் தெரியாத, மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கிறது. அதைப் பாவும் ஊடையும் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடுகளாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு குறுக்குப் புள்ளியிலும் துளி மின்னூட்டம் நிற்கும். விரல் பக்கத்தில் வந்தால் அந்த அளவு கொஞ்சம் மாறும். எந்தப் பாவில், எந்த ஊடையில் மாறியது என்று ஒரு சிப் நொடிக்குப் பலமுறை எண்ணிக்கொண்டே இருக்கும். அதனால் அழுத்தித் தொடுவதில் ஒரு பயனும் இல்லை, விரல் பட்டாலே போதும். கோடுகள் எல்லாம் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை கேபிளில் சேர்ந்து போர்டில் போய்ச் செருகியிருக்கும். அந்தச் செருகல் ஒரு பக்கம் லேசாக வெளியே வந்தாலும், சில கோடு மட்டும் விட்டுப்போகும். உங்களுக்கு நேர்கோடாக ஒரு பட்டை முழுக்க வேலை செய்யாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். துணியில் இழை விட்டுப்போனால் கோடாகத் தெரியுமே, அதே மாதிரி.

வெள்ளிக்கிழமை அதுவாகத் திறந்து மூடியது வேறு கதை. சார்ஜர் கம்பெனியுடையதா? எந்த ஜங்ஷன் பாக்ஸில் போட்டிருந்தீர்கள்? தையல் மெஷின் மோட்டாரும் அதே பாக்ஸிலா? அந்தக் குட்டி மோட்டார்களுக்குள் கார்பன் பிரஷ் இருக்கும், ஓடும்போது பொறி தட்டிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சல் லைனில் ஏறும். நல்ல சார்ஜர் அதை வடிகட்டிவிடும். விலை மலிந்த சார்ஜர் அதை அப்படியே உள்ளே அனுப்பும், போதாததற்குத் தன் இரைச்சலையும் சேர்க்கும். சிப் எண்ணுவது துளி மின்னூட்டம் என்று சொன்னேன் இல்லையா, இவ்வளவு இரைச்சலில் அதற்கு எது விரல், எது மோட்டார் என்று தெரியாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். மேல்பகுதி ஒழுங்காக இருந்தால் அந்தப் பேய் போய்விட்டது என்று அர்த்தம்.

உள்ளே போவதற்கு வழி இருக்கிறது. ஒரு ஓடிஜி இணைப்பான் வாங்குங்கள், செல்போன் கடைகளில் எங்கேயும் கிடைக்கும். டேப்லெட்டின் சார்ஜ் ஓட்டையைப் பார்த்து, மைக்ரோ யுஎஸ்பியா, டைப் சியா என்று சொல்லி வாங்குங்கள். அதில் சாதாரணக் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். இடது பட்டனைப் பிடித்தபடி புள்ளிகள்மேல் இழுத்தால் பூட்டு திறக்கும்.

இன்னொன்று. ஸ்டீல் ஸ்கேல் இருக்கும் இல்லையா, அதைச் செங்குத்தாகக் கண்ணாடிமேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்பக்கமும் அதேபோல். எங்கேயாவது மேடு தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

ஊசிநூல்:

தம்பி, நீங்கள் நல்லா இருக்கணும். மவுஸ் வேலை செய்தது. ஓடிஜி 60 ரூபாய், மவுஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டு வாங்கினேன். அம்புக்குறி வந்ததும் கை நடுங்கியது. கோட்டை மூன்றாவது முறைதான் சரியாக இழுக்க முடிந்தது. படம் எல்லாம் இருக்கிறது. டீச்சரம்மாவுடைய சீட்டையும் திறந்து பார்த்தேன், என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

சார்ஜர் நீங்கள் சொன்னது சரி. பழையது போனபிறகு 150 ரூபாய்க்கு வாங்கியது. மெஷின் மோட்டார், அயர்ன் பாக்ஸ், சார்ஜர் மூன்றும் ஒரே பாக்ஸில்தான், அதுவும் எர்த் இல்லாத இரண்டு பின் பிளக். சார்ஜரைப் பிடுங்கியதும் மேல்பகுதி ஒழுங்காகிவிட்டது, எதுவும் தானாகத் திறக்கவில்லை. கீழ்ப்பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் ஓரங்களில் சரியாக உட்கார்கிறது. பின்பக்கம் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. வெட்டும் மேசைமேல் மல்லாக்க வைத்து விரலால் தட்டினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது, முன்பெல்லாம் இப்படிச் சுற்றாது. கீழ் ஓரத்தில் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் 60-ஆம் நம்பர் நூலை வைத்து இழுத்தேன். அரைச் சாண் நீளத்துக்குத் தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. அந்த இடம்தான் டச் வேலை செய்யாத இடம். கண்ணாடி தூக்கியிருக்கிறதோ? ஊசிமுனையால் லேசாக நெம்பிப் பார்க்கலாமா, அல்லது மேலே இருந்து அழுத்தி ஒட்டிவிடலாமா?

சாலிடர்_மதுரை:

அக்கா, இரண்டையும் செய்யாதீர்கள். ஊசி பக்கத்திலேயே வர வேண்டாம். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இதை நான் முதல் பதிவிலேயே எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போதே மவுஸால் முறையாக ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள், சதவீதம் எவ்வளவு இருந்தாலும் சரி. கடைக்குள் துணியும் நூலும் நிறைய இருக்கும், அங்கே வைக்க வேண்டாம். வெளியே சிமென்ட் தரையில், வெயில் படாத இடத்தில், மேலே எதையும் வைக்காமல் வையுங்கள். சூடாகிறது, இனிப்பு கலந்த ரசாயன வாசனை வருகிறது, புகை வருகிறது என்றால் கையில் எடுக்காமல் விலகிவிடுங்கள்.

இந்த லித்தியம் பேட்டரி ஒரு மெல்லிய அலுமினியப் பைக்குள் இருக்கும். வயதாக ஆக உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயு வரும், வெளியே போக வழியில்லாமல் பை உப்பும். சூடும், எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பதும் இதை வேகப்படுத்தும். உங்கள் டேப்லெட் நாள் முழுக்கச் சார்ஜில், அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் இருந்திருக்கும். உப்பிய பை கண்ணாடியை அடியிலிருந்து தள்ளுகிறது, டச் கேபிளையும் செருகலிலிருந்து நகர்த்தியிருக்கும். ஆக, முதல் கடையில் சொன்னது போலக் காம்போ போயிருக்க வாய்ப்பு குறைவு. பையில் ஊசி பட்டு ஓட்டை விழுந்தால் அந்த நொடியே தீப்பிடிக்கலாம். அழுத்தினாலும் அப்படித்தான்.

வேறு கடைக்கு எடுத்துப் போங்கள். போனதும் "முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், புது பேட்டரி போட்டு, டச் கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், காம்போ பற்றி அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். ரீசெட் போடவோ, சாஃப்ட்வேர் ஏற்றவோ கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படங்கள் இருப்பது போர்டில் உள்ள சிப்பில், பேட்டரியை மாற்றினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கண்முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கண்ணாடியை லேசாகச் சூடாக்கிப் பிளாஸ்டிக் தகடால்தான் எடுப்பார். பேட்டரிக்கு அடியில் இரும்பு நெம்புகோலைக் கொண்டுபோனால் டேப்லெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓய்வு_வாத்தியார்:

இதைப் படித்துவிட்டு வீட்டில் அலமாரியில் கிடந்த பழைய டேப்லெட்டை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அதுவும் லேசாக உப்பியிருக்கிறது. இரண்டு வருடமாகத் தொடாதது. இதை எங்கே கொடுப்பது, குப்பையில் போடலாமா?

சாலிடர்_மதுரை:

குப்பையில் போடவே கூடாது ஐயா, குப்பை லாரியில் நசுங்கினால் தீ. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள்தான் பழையதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மின்கழிவு வாங்கும் அனுமதி பெற்றவர்களிடமும் கொடுக்கலாம். அதுவரை உலோகப் பாத்திரத்தில் மணல் போட்டு, அதன்மேல் வைத்து, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

ஊசிநூல்:

திண்டுக்கல்லில் வேறொரு கடைக்குப் போய்வந்தேன். நீங்கள் எழுதியதை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அந்தத் தம்பி படித்துவிட்டு, "யாருக்கா எழுதிக் கொடுத்தது, சரியா இருக்கு" என்று சொல்லி உட்காரவைத்தார். கண்முன்னால்தான் திறந்தார். பேட்டரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஊசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தை மாதிரி நடுவில் புடைத்து, மேலே பளபளவென்று இறுகியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் துணி வெட்டியிருக்கிறேன். அதை வெளியே மணல் வாளியில் வைத்தார்கள்.

டச் கேபிள் ஒரு பக்கம் நகத்தளவு வெளியே வந்திருந்ததைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். புது பேட்டரி போட்டு, கேபிளைச் செருகி, கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கீழ் வரிசை வந்துவிட்டது. கடைசி ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் இன்னும் தொட்டால் உணரவில்லை, கண்ணாடி அங்கே கொஞ்ச நாள் வளைந்திருந்ததால் இருக்கலாம் என்றார். அதனால் வேலைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். படம் ஒன்றுகூட அழியவில்லை. மகள் சனிக்கிழமை வந்து 340-ஐயும் அவளுடைய லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தாள். நான் நீள நோட்டு ஒன்று வாங்கி, மிக அவசியமான அளவுகளை மறுபடி கையால் எழுத ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை 40 பேர் முடிந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியன் நேற்று வந்து எர்த்தோடு மூன்று பின் பிளக் பாயிண்ட் இரண்டு தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்று மெஷினுக்கு, ஒன்று அயர்ன் பாக்ஸுக்கு. டேப்லெட்டை மதியம் சாப்பிடப் போகும்போது வீட்டுப் பக்கம் சார்ஜ் போட்டு, 80 ஆனதும் எடுத்துவிடுகிறேன்.

கோவைத் தம்பி, நீங்களும் எனக்காக நேரம் ஒதுக்கி எழுதினீர்கள், நன்றி. மதுரைத் தம்பி, என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களுக்கு என்ன தைக்க வேண்டுமென்றாலும் நான் தைத்துத் தருகிறேன், கூலி பற்றிப் பேசக் கூடாது.

11-ல் 7 ஜாக்கெட் முடிந்துவிட்டது. டீச்சரம்மா துணியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டிருந்தார், அரக்கு நிறப் பட்டு. இன்று காலை அவருடைய சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இடதுபக்க லைனிங்கை வெட்டினேன்.

சாலிடர்_மதுரை:

ரொம்பச் சந்தோஷம் அக்கா. பென் டிரைவைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். நிச்சயம் வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.